ஈரத் தரையில் கியூபா

முதலில் கியூபாவை வரைவார். தரை துடைக்கிற மொப்பைச் சரியாகப் பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, எட்டாம் மாடியின் சாம்பல் நிறத் தரையில் ஒரு நீண்ட முதலையைப்போல இழுத்துவிடுவார். பக்கத்தில் இரண்டு உதறல். அவை சின்னத் தீவுகள். பிறகு இடது பக்கமாக நாலு எட்டு நடந்து மெக்சிக்கோவின் கரையை வளைப்பார். கட்டடத்தின் வெப்பமூட்டி நன்றாக வேலை செய்கிற நாளென்றால் கியூபா மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். அதற்குள் ஸ்பானியத் தளபதி கோர்ட்டேஸ் கப்பலேறி, தன்னை அனுப்பிய ஆளுநருக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு, மெக்சிக்கோவில் இறங்கியாகவேண்டும். "கெதியா வா பிள்ளை, தீவு காயுது!" என்று ஞானரட்ணம் அண்ணை கூப்பிட்டால் நான் குப்பைப் பையைக் கட்டுவதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். ஏழு வருடமாக இப்படித்தான். இன்று காலையும் ஓடினேன்.

ஒஸ்லோவின் நடுவில், ஒரு அலுவலகக் கட்டடத்தைக் காலை ஆறு மணியிலிருந்து துப்புரவாக்கும் பதினொரு பேரில் நாங்கள் இருவர். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. கொம்பனி கொடுத்த நீலச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்க ஒரு சப்பாத்து நூல். வெஸ்ட்லியில் வீடு. அது ரயில் பாதையின் கடைசி நிலையம். "கடைசியிலை இருக்கிறவனுக்குத்தான் முதல் சீற்" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்வார். அந்தச் சீற்றில் இருந்து, மடியில் ஒரு தடித்த நோர்வேஜியப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, நகரம் வரும்வரை தலை நிமிரமாட்டார். நூலகத்தில் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் கேட்பதில்லை என்பதால் அது வருடக்கணக்காக அவர் வீட்டில்தான் வாழ்கிறது. "இந்த மனுசனுக்கும் ஸ்பெயினுக்கும்தான் கலியாணம். நான் சமைக்க வந்தனான்" என்று அவருடைய மனைவி இராசமணி அக்கா ஒரு பிறந்தநாள் விழாவில் எனக்குச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முழுதும் சிரிப்பில்லை.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. அலுவலக மேசைகளில் கிடக்கும் கடதாசிகளைத் தொடவே மாட்டார். சுற்றிவரத் துடைப்பார். "மற்றவன்ரை கடதாசியும் மற்றவன்ரை துவக்கும் ஒண்டு. தொடக்கூடாது." ஆனால் தன் கைக்கு வரும் கடதாசியை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலின் பின்பக்கம், தபால் கந்தோர்ப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த நீள மெல்லிய தாள், எல்லாம். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தால் வேறு வரிசைக்கு மாறிவிடுங்கள். நான் பட்டவள், சொல்கிறேன்.

இந்த ஸ்பெயின் பைத்தியம் ஒரு மீன் தொழிற்சாலையில் தொடங்கியது. எண்பத்தாறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரைக் கொண்டுபோய் விட்டது வடக்கே, மரமே இல்லாத ஒரு கரையில். அறையில் கூட இருந்தவர் ரமோன் என்கிற சிலி நாட்டுக்காரர். அவரும் அகதி. மொழி வகுப்புத் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று அண்ணை ரமோனிடம் நாளைக்குப் பத்துச் சொல்லாகப் பாடமாக்கினார். வெள்ளைத் தோலும் தாடியுமாக இருந்த ரமோன் நோர்வேக்காரன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் கிழமை தைரியமாகக் கடைக்குப் போய்ப் பாணும் பாலும் கேட்டார். கடைக்காரப் பெண் விழித்தாள். இவர் இன்னும் உரத்துக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, இருபத்தொரு நாளாக அவர் படித்தது ஸ்பானிய மொழி.

இந்தக் கதையை மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் அவரே சொல்லிவிடுவார். "கொலம்பஸும் நானும் ஒரே வகுப்பு. ரெண்டு பேரும் எங்கை இறங்கினது எண்டு தெரியாமல் இறங்கினனாங்கள். நான் பிழையை ஒத்துக்கொண்டன். அவன் கியூபாவைப் பாத்து, இது தீவில்லை, ஆசியாக் கண்டம்தான் எண்டு கப்பல்காரர் எல்லாரையும் சத்தியம் பண்ண வைச்சவன். மாத்திச் சொன்னா நாக்கை அறுப்பன் எண்டவன். அதுதான் பிள்ளை வித்தியாசம்."

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு மோர் மிளகாய் இருந்தே ஆகவேண்டும். அதைக் காம்பில் பிடித்துத் தூக்கி ஒரு கணம் பார்ப்பார். மிளகாய் கொலம்பஸ் போய் இறங்கிய கண்டத்திலிருந்து வந்த காய் என்பது எங்கள் பதினொரு பேருக்கும் இப்போது மனப்பாடம். "அவனுக்குப் பொன் கிடைச்சுது, எங்களுக்குச் சம்பல் கிடைச்சுது. பொன் முடிஞ்சுபோச்சு. சம்பல் முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுக் கடிப்பார்.

"எதுக்கு அண்ணை இந்த ஸ்பெயின்காரர் அவ்வளவு தூரம் போனவங்கள்? பொன்னுக்குத்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். மொப்பைச் சுவரில் சாத்தினார். மொப்பைச் சாத்தினால் பதில் நீளும் என்று அர்த்தம்.

"பொன் பாதி. மிச்சத்தைக் கேள். அவங்கள் வந்த ஊர் கல்லும் பன்றியும். மூத்தவனுக்குக் காணி, இளையவனுக்குக் காத்து. காணி இல்லை, தொழில் இல்லை, வீண் ரோசம் மட்டும் வண்டி வண்டியாய். அப்படி ஒருத்தனுக்கு ஒரு கப்பலைக் குடுத்தா என்ன செய்வான்?"

பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அருளானந்தன் விடவில்லை. அவர் நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியவர். எதையும் நேராகக் கேட்டுவிடுவார். "அதைத்தானே அண்ணை நாங்களும் செய்தனாங்கள்? நீங்கள் என்ன, காசுக்கு வரேல்லையோ?"

அண்ணை குனிந்து பார்த்தார். தரையில் பெரு நாடு காய்ந்துகொண்டிருந்தது.

"ஓம். நானும் வீட்டிலை கடைசி. உயிருக்கும் பயந்து வந்தனான், காசுக்கும் வந்தனான். ஒளிக்கேல்லை. ஆனா கரையிலை நிண்டு ஒருத்தருக்கும் நான் கடதாசி வாசிக்கேல்லை."

கடதாசி! அதுதான் அவருடைய தீராத வயிற்றெரிச்சல். ஸ்பானியப் படைகள் ஒரு பத்திரம் கொண்டுபோயின. உலகத்தைக் கடவுள் படைத்தார், கடவுளின் ஆள் பாப்பரசர், இந்த நிலத்தைப் பாப்பரசர் எங்கள் அரசருக்குக் கொடுத்துவிட்டார், ஆகவே பணிந்துவிடுங்கள். பணியாவிட்டால் போர் தொடுப்போம், உங்கள் பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக்குவோம், வருகிற சாவுக்கும் அழிவுக்கும் குற்றம் உங்களுடையது. இதை அந்தச் சனங்களுக்குத் தெரியாத மொழியில் வாசிப்பார்கள். சிலநேரம் ஆளில்லாத குடிசைகளுக்கு வாசித்தார்கள், சிலநேரம் கப்பலில் நின்றபடியே மரங்களுக்கு வாசித்தார்கள். வாசித்தாயிற்று என்று கூடவந்த எழுத்தர் ஒப்பமிடுவார். அதற்குப் பிறகு வாள்.

"பொன்னுக்கு மட்டும் போனவன் எண்டா கடதாசி எதுக்கு?" என்பார் அண்ணை. குரல் உயர்ந்துவிடும். "கள்ளன் களவெடுக்கப் போகேக்கை எழுத்தரைக் கூட்டிக்கொண்டு போறவனோ? இவனுக்கு எடுக்கவும் வேணும், நல்லவனாயும் இருக்க வேணும். அந்த ரெண்டாவது ஆசைதான் பிள்ளை பொல்லாதது."

அடுத்தது பெரு நாட்டு அரசன் அத்தவால்பாவின் கதை. இதை அவர் வரைவதில்லை, நடிப்பார். பாதிரியார் ஒரு புத்தகத்தை நீட்டி, கடவுளின் வார்த்தை இதில் இருக்கிறது என்கிறார். அரசன் அதைக் காதில் வைத்துப் பார்க்கிறான். அது பேசவில்லை. எறிந்துவிடுகிறான். அந்த எறிதலுக்காகத்தான் காத்திருந்ததுபோலப் பீரங்கி வெடிக்கிறது. பிறகு, சிறைப்பட்ட அரசன் ஒரு அறை நிறையப் பொன் கொடுத்தும் கழுத்தை நெரித்தார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்து இரண்டு வருடமான இந்திராதேவிக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும். அண்ணை சவர்க்காரப் பெட்டியைக் காதில் வைத்துக் கண்ணை மூடும்போது அவள் ஒவ்வொரு முறையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"எறிஞ்சபடியால்தானே அந்தாளுக்கு அந்தக் கதி?" என்று அருளானந்தன் ஒருமுறை சீண்டினார்.

"எறியாட்டிலும் சுட்டிருப்பாங்கள். ஆனாலும் எறிஞ்சது பிழை. அவங்களுக்கு ஒரு சாட்டுக் குடுத்திட்டான்" என்றார் அண்ணை.

2006 ஒக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கொம்பனியின் மேலாளர் எட்வேட் கன்ரீனுக்கு வந்தார். நல்ல மனுசன். எல்லாருக்கும் கறுவாப் பணிஸ் வாங்கிவந்திருந்தார். ஆளுக்கொரு கடதாசியும் ஒரு பேனையும் வைத்தார். புது ஒப்பந்தம். நின்றபடியே நோர்வேஜியனில் வாசித்தார். மூன்று பக்கத்தை ஆறு நிமிடத்தில் வாசித்தார். முடித்துவிட்டுப் புன்னகைத்தார், ஒரு சின்ன மாற்றம்தான் என்றார்.

கையெழுத்து மேசையின் ஒரு முனையிலிருந்து நகர்ந்து வந்தது. அருளானந்தன் வைத்தார். அடுத்தது நான். வாசித்தேனா? இல்லை. பணிஸ் சூடாக இருந்தது, எனக்கு முன்னால் இருந்த எல்லாரும் வைத்தார்கள், வைத்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இந்திராதேவி பேனையின் மூடியைக் கழற்றிவிட்டு எங்கே கையெழுத்து வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஞானரட்ணம் அண்ணை மட்டும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் அடிவரை போய், எழும்பினார்.

"பிள்ளையள், கேளுங்கோ. இனி நிரந்தர வேலை இல்லை. நிரந்தர இடமும் இல்லை. அவையள் ரெலிபோன் எடுத்தா வரலாம், எடுக்காட்டில் வீட்டிலை இருக்கலாம். ஆகக் கடைசி வரியிலை என்ன கிடக்குது தெரியுமோ? 'எல்லாத்தையும் வாசிச்சு விளங்கிக்கொண்டன்' எண்டு கிடக்குது."

அருளானந்தன் தான் கையெழுத்து வைத்த கடதாசியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவர் மெல்ல, "இருங்கோ அண்ணை. ஊரோடினா ஒத்தோடு எண்டுதானே சொல்லுறவை" என்றார்.

"ஊர் ஓட முன்னம் எங்கை ஓடுறது எண்டு ஒருக்கால் கேட்டா என்ன?" என்றார் அண்ணை. பிறகு மேசையின் மறுபக்கம் பார்த்தார். "இந்திராதேவி, உமக்கு விளங்கிச்சுதோ?"

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல அண்ணன். வைக்கச் சொன்னா வைப்பன்" என்றாள் அவள்.

எட்வேட்டுக்குப் பொறுமை குறைந்தது. இருபது வருடமாக இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நோர்வேஜியன் நன்றாக விளங்குமே என்று கேட்டார்.

"விளங்கினது. அதனால்தான் எழும்பி நிற்கிறேன்" என்று அண்ணை நோர்வேஜியனில், ஒரு சொல் தடுக்காமல் சொன்னார். "இந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அந்த மூலையில் இருக்கும் சோமாலியப் பெண்ணுக்கும் விளங்கவில்லை. விளங்கியது என்று அவர்களிடம் எழுதி வாங்குகிறீர்கள். அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட ஆள் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு பேனையைப்பற்றிப் பேசுவோம்."

அதற்கு நேரமில்லை என்றார் எட்வேட். இன்று கையெழுத்து வைக்காதவர்களின் பெயர் நவம்பர் வேலைப் பட்டியலில் இருக்காது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணையின் கடதாசியை மேசைமேல் அவர் பக்கமாக ஒரு விரலால் தள்ளினார்.

அந்த அறையில் பதினொரு வீட்டு அடுப்பு இருந்தது. அண்ணைக்கு வெஸ்ட்லியில் வாடகையும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளும். வைத்துவிடுங்கள் அண்ணை என்று வாய்வரை வந்தது.

அவர் கடதாசியை எடுத்தார். காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டார். எட்வேட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது.

முதலில் சிரித்தது இந்திராதேவிதான். வாயைப் பொத்தவில்லை. சிரித்துக்கொண்டே பேனையின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். நான் கையெழுத்து வைத்த கடதாசியை மெல்ல என் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணை, எறிஞ்சு போடாதேங்கோ" என்று அருளானந்தன் கிசுகிசுத்தார்.

அண்ணை எறியவில்லை. கடதாசியை மேசையில் வைத்து, மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவினார். பிறகு கோயிலில் அருச்சனைத் தட்டத்தைக் கொடுப்பதுபோல இரண்டு கைகளாலும் எடுத்து எட்வேட்டிடம் நீட்டினார். எட்வேட் வாங்கவில்லை. அண்ணை கையை மடக்கவும் இல்லை.