ஸ்லீப் என்றால் தூக்கம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்த சின்னண்ணன் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் லாரி ஓட்டப் போன பிறகு அவருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. வாக்கியமாக வரவில்லை, சொல் சொல்லாக வந்தது. நாக்பூர், இந்தூர், கட்டாக் என்று போன இடத்திலெல்லாம் போர்டுகளிலிருந்தும் போலீஸ்காரர்களின் வாயிலிருந்தும் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஊரில் யாருக்காவது மருந்து டப்பாவில் போட்டிருப்பது புரியவில்லை என்றால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தெரியாது என்று அவர் சொன்னதே கிடையாது. தலையை ஆட்டிக்கொண்டே ஒரு அர்த்தம் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும்.

அந்தச் சொற்களில் அவருக்கு ரொம்பப் பழக்கமானது ஸ்லீப். லாரி கேபினில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகைக்கு ஸ்லீப்பர் என்று பெயர். ஓனர் போனில் கேட்கிற முதல் கேள்வியே, "ஸ்லீப் போட்டயாப்பா?" என்பதுதான். ஓட்டும்போது கண் சொருகினால் ஸ்லீப் அடிக்கிறது என்பார்கள். மகள் தமிழினி கல்லூரியில் சேர்ந்து கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதன் திரை திடீரென்று கறுத்துப்போனதைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"கெட்டுப் போவலப்பா. ஸ்லீப்புக்குப் போயிருக்குது. தொட்டா முழிச்சுக்கும்" என்றாள் அவள்.

உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனாலும் கால் ஸ்லீப்புக்குப் போய்விட்டது என்றுதான் இங்கிலீஷில் சொல்வார்களாம். அதையும் அவள்தான் சொன்னாள். மிஷினுக்கும் காலுக்கும்கூடத் தூக்கம் உண்டு என்பது அவருக்குப் பிடித்திருந்தது. லாரி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கிளீனர் வைத்து ஓட்டிய காலம் போய், டிரைவர் மட்டும் தனியாக வண்டி எடுக்கத் தொடங்கிய சமயம் அது. தொப்பூர் இறக்கத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, மடங்கிய காதோடு ஒரு செவலை நாய்க்குட்டி கேபினுக்குள் ஏறிக்கொண்டது. இரண்டு முறை இறக்கி விட்டும் திரும்ப ஏறியது. கிளீனர் சீட்டில் உட்கார்ந்ததால் அதற்குக் கிளீனர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

அந்த நாய் பேருக்கு ஏற்றபடி வேலை செய்தது. அவர் தலை லேசாகச் சாய்ந்தால் போதும், முழங்கையைப் பிராண்டும். அதற்கும் அசையாவிட்டால் குரைக்கும். ஒரு மத்தியானம் சோலாப்பூர் தாண்டிய வெயிலில் அது குரைத்த குரைப்பில் கண்ணைத் திறந்தார். முன்னால் நின்றிருந்த டேங்கரின் பின்புறம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டிவிட்டு நாயைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்த ஓட்டலில் சாப்பிட்டாலும் அதற்கும் ஒரு இலை உண்டு.

அந்த நாய்க்கு ஒரு பழக்கம். அவர் விழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அது கண்ணை மூடாது. அவர் ஸ்லீப்பரில் ஏறிப் படுத்த பிறகுதான் அது படுக்கும்.

வயதான பிறகு அதற்கு வயிறு வீங்கியது. தீனி எடுக்கவில்லை. படுக்க முடியாமல் நின்றுகொண்டே முனகியது. உள்ளூரில் போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை. கோயமுத்தூரில் வேலைக்குப் போயிருந்த தமிழினி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நாய் ஆஸ்பத்திரியை விசாரித்துச் சொன்னாள். மனைவி சௌந்திரம் மாட்டைப் பார்க்க வீட்டில் இருந்துகொண்டாள். சின்னண்ணன் வாடகை வேனில் நாயை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் மைதிலி பெங்களூரில் வளர்ந்த பெண். தமிழ் பேசினாள், ஆனால் முக்கியமான இடங்களில் இங்கிலீஷ் முந்திக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். நாயின் காதை நீவிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா இப்படி கஷ்டப்படறான்?"

"பத்து நாளா ஒரு பொட்டுத் தூக்கமில்லீங்க டாக்டரம்மா. நின்னுக்கிட்டே அனத்துது."

"ஆபரேஷன் தாங்க மாட்டான், சார். ரொம்ப ஸ்ப்ரெட் ஆயிருக்கு. பெயின் இன்னும் அதிகமாகும். அவனை ஸ்லீப் பண்ண வச்சிடலாம். அதுதான் நம்ம அவனுக்குப் பண்ணக்கூடிய நல்லது."

சின்னண்ணன் தலையை ஆட்டினார். வரிசையில் காத்திருந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரெட் என்ற சொல் அவருக்குப் புதிது. ஸ்லீப் தெரியும்.

"பண்ணிருங்க. பாவம், தூங்கட்டும்."

"யோசிச்சுச் சொல்றீங்கல்ல?"

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது."

டாக்டர் சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். "கூட இருக்கீங்களா, வெளிய வெயிட் பண்றீங்களா?"

"வெளியவே இருக்கறனுங்க. நா பக்கத்துல இருந்தா அது தூங்காது."

நாயின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தார். ஏற்காடு ரோட்டில் ஒரு கடையில் டீ வாங்கினார். வேன்காரனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். "ஊசி போட்டுத் தூங்க வெக்கறாங்க. நல்லாத் தூங்கி எந்திரிச்சா பாதி செரியாயிரும்" என்றார். பத்து நாள் பாரம் இறங்கியதுபோல இருந்தது. இன்னொரு பஜ்ஜியும் தின்றார்.

கூப்பிட்டார்கள். மேசைமேல் நாயை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மடங்கிய காது மட்டும் வெளியே தெரிந்தது. தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது.

"எப்பங்க முழிக்கும்?"

உதவிக்கு நின்ற பெண் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியபோதும் அவர் செய்தது பழைய காரியத்தைத்தான். தலையை ஆட்டினார். "செரிங்க" என்று சொல்லி, துணியோடு தூக்கி மார்பில் சேர்த்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டுத் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சௌந்திரத்திடம் சொன்னார். மறுநாள் தமிழினி போன் செய்தாள்.

"டாக்டர் பேசுனாங்கப்பா. நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமா, ஆனா புரிஞ்சிருக்குமான்னு அவங்களுக்குச் சந்தேகம். கஷ்டமான முடிவுதான், ஆனா நல்ல முடிவுப்பா. கொல்றதுன்னு சொல்ல வாய் வராம அதை அப்படித்தான் ஸ்லீப்புன்னு சொல்லுவாங்க."

"தெரியும் சாமி" என்றார் சின்னண்ணன்.

போனை வைத்த பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த சௌந்திரம் முகத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னார். அவள் திட்டவில்லை.

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க" என்றாள்.

"தெரிஞ்ச வார்த்தைதானேன்னு இருந்துட்டேன்."

கொஞ்ச நாள் கழித்து அவர் பஸ் ஏறி மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். சண்டை போடத்தான் கிளம்பினார். ஆனால் டாக்டர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றதில் அவருடைய கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"நீங்க இருந்தா தூங்க மாட்டான்னு சொன்னப்போ, புரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன், சார். கூட இருந்து பார்க்க முடியாம நிறைய பேர் வெளிய போயிடுவாங்க" என்றாள் அவள். "நான் நேரா தமிழ்லயே கேட்டிருக்கணும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் கஷ்டமா இருக்கும். அதனாலதான் அப்படிச் சொல்றது."

"உங்க மேல தப்பில்லீங்க. தலைய ஆட்டுனவன் நாந்தானுங்க." கிளம்பப் போனவர் திரும்பிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது என்னைத் தேடுச்சுங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"கதவு பக்கமே பார்த்துட்டு இருந்தான்."

அந்தப் பதிலை அவர் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்காமலும் அவரால் இருந்திருக்க முடியாது.

அதன் பிறகு அவர் தூர லோடு எடுக்கவில்லை. பக்கத்து சீட் காலியாகக் கிடக்க, தன் கண்ணை நம்பி நாக்பூர் வரை போக அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பள்ளிபாளையத்துக்கும் சேலத்துக்கும் இடையே சின்ன நடைகள் அடித்தார். யாராவது மருந்து டப்பாவைக் கொண்டு வந்தால், "எனக்குத் தெரியாதுங்க, கடைக்காரங்களக் கேளுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அப்படிச் சொல்ல ஆரம்பத்தில் வெட்கமாகத்தான் இருந்தது.

போன வருஷம் சௌந்திரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் வந்து, "அம்மாவை ஸ்லீப் பண்ண வச்சிருவோம், ஒண்ணும் தெரியாது" என்றார். சின்னண்ணன் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தத் தூக்கம்னு சொல்லுங்க. முழிப்பாளா?"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். சின்னண்ணன் முகத்தைக் கண்டதும் அடக்கிக்கொண்டு, என்ன மருந்து, எப்போது தெளியும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கம்பியை விட்டார். சாயங்காலம் கண் விழித்த சௌந்திரம், "அத்தன பேத்துக்கு முன்னால மானத்த வாங்கிட்டீங்க" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போகட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

லாரி ஸ்டாண்டில் இந்தக் கதை இப்போது எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் ஆறுதல் சொல்வார்கள்; குட்டி பிடித்துத் தரட்டுமா என்பார்கள். அவர் வேண்டாம் என்றுவிடுவார். அன்றைக்குக்கூட அர்த்தநாரி என்கிற பழைய டிரைவர் சொன்னார்:

"உட்டுத் தள்ளு சின்னண்ணா. அது பொழைக்கற நோயா? இன்னும் பத்து நாள் கெடந்து சீரழிஞ்சிருக்கும். நோவில்லாமப் போச்சு."

"ஆமாங்க. அது போனது தப்பில்லீங்க" என்றார் சின்னண்ணன். "நா பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தேன்."

அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லோடு ஏற்ற முறை வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.