மணப்பெண் நெற்றியில் விழுந்த தூசி

என் மேசை மேல் ஒரு ரப்பர் பந்து கிடக்கிறது. கைக்குள் அடங்கும் கறுப்புப் பந்து, முனையில் சின்னதாக ஒரு மூக்கு. அமுக்கினால் புஸ்ஸென்று காற்று வரும். கேமராவுக்குள் தூசியை ஊதித் தள்ளுகிற சாமான், ப்ளோயர் என்போம். இதன் மூக்குக்குள் உற்றுப் பார்த்தால் ஓரமாக ஒரு சிவப்பு வளையம் தெரியும். இதை நான் உபயோகிப்பதில்லை, தூக்கிப் போடவும் கை வருவதில்லை. பார்க்கும்போதெல்லாம் திருப்பதியில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருந்த சர்வீஸ் மேடம் ஞாபகத்துக்கு வருகிறார். அவரைத் திருடி என்று நானாகவே தீர்ப்பெழுதிக்கொண்டு பஸ் ஏறிய அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூடவே வந்துவிடுகிறது.

சித்தூரில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். கல்யாண வீட்டில் வாலாட்டுவது என் வியாதி. மாப்பிள்ளையின் ஷூவை ஒளித்து வைத்திருக்கிறேன், பாஸ்டரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். பழைய மிஷன் சபைக் குடும்பங்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு என்னையே கூப்பிட்டார்கள். என் வருஷத்துச் சாப்பாட்டில் பாதி அந்த சபையிலிருந்துதான் வந்தது. அப்படித்தான் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்தார். சபையில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மூன்று தலைமுறையாக அவர் வீட்டுப் பெண்கள் நெற்றியில் பவுடரைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை.

சர்ச்சுக்குள் எடுத்த படமெல்லாம் சுத்தமாக வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் உச்சி வெயில். லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கிக்கொண்டு மணப்பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுத்துத் தள்ளினேன். பெருமை தாங்காமல் அதில் ஒன்றை அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டரின் போனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"இன்னாப்பா, பாப்பா நெத்தியில பொட்டு வச்சிக்கிற? உன் வெளாட்டுக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில், அளவெடுத்து வைத்ததுபோல வட்டமாக ஒரு சாம்பல் புள்ளி. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. முகத்தை எப்போதும் படச்சட்டத்தின் ஒரே இடத்தில் வைத்து எடுப்பது என் பழக்கம்; அந்த இடத்தில்தான் அது குந்தியிருந்தது. படம் பதிகிற சென்சாரில் தூசி ஐயா, வெயிலில் துவாரத்தைச் சுருக்கினால்தான் தெரியும், கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றேன். "தூசி நடு நெத்தியா பாத்து குந்துமா?" என்று கேட்டார். வர ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாரிடம் இதைச் சொல்லப் போவதாகவும், அதற்குள் இது விளையாட்டில்லை என்று நான் காட்டிவிட்டால் சரி என்றும் சொல்லி வைத்துவிட்டார். ஊரில் எல்லோரும் என்னை நம்பாமல் இருப்பதற்காக இருபது வருஷம் நானே பாடுபட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்குத் தூக்கம் போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்புதான் கேமராவை சர்வீஸ் மேடத்திடம் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். அப்போது என்னை, ஏதாவது துன்னுட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று வெளியே அனுப்பினார். ஏன் அனுப்பினார்? திருப்பதி வெயிலில் மின்விசிறியை ஏன் நிறுத்தி வைத்திருந்தார்? விடிவதற்குள் அவர் என் சென்சாரையே கழற்றிக்கொண்டு பழசு ஒன்றை மாட்டிவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். ஹெட்மாஸ்டரிடம் காட்டுவதற்காக, பஸ்ஸில் மடிமேல் தாளை வைத்து, 'கவனக்குறைவால் சென்சாரில் தூசி விழுந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று நானே எழுதினேன். மேடம் கையெழுத்துப் போடக் கீழே கோடும் போட்டேன்.

மேடம் நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். என்னைவிடச் சின்னவர், ஆனால் அவர் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். புள்ளி விழுந்த படத்தைக் காட்டிவிட்டு, இந்தத் தடவை நான் துன்னப் போவதில்லை, இங்கேயே இருப்பேன் என்றேன். சரி என்று முகமூடி ஒன்றைக் கொடுத்து ஸ்டூலைக் காட்டினார். மின்விசிறியை நிறுத்தினார், காற்றில் தண்ணீர் தெளித்தார், தூசி அடங்க வேண்டுமாம். பத்து நிமிஷம் இருவரும் வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். எதையாவது மாற்றுகிறாரா என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவரைப் படம் பிடித்துக் காட்டினார். மேலே அந்தப் பெரிய புள்ளி, சுற்றிலும் அதன் குட்டிகள். படத்தில் மேலே தெரிந்தால் சென்சாரில் கீழே இருக்கும் என்று சொல்லி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"இங்கருந்து எடுத்துக்கினு நேரா வீட்டுக்குத்தான் போனிங்களாண்ணா?"

வழியில் காணிப்பாக்கத்தில் இறங்கி, கேமராவை விநாயகர் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன் என்றேன். பெரிய கல்யாணம், பயம் இருக்காதா? பிரசாதத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பையில்தான் வைத்தேன், பக்க அறையில், ப்ளோயரோடு. கல்யாணத்தன்று காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று அதே ப்ளோயரால் சென்சாரை நாலு தடவை ஊதினேன் என்பதையும், பாராட்டுவார் என்று நினைத்து, சேர்த்தே சொன்னேன்.

அவர் பாராட்டவில்லை. என் பையைத் திறந்து ப்ளோயரை எடுத்தார். பக்கத்திலேயே கிழிந்துபோன குங்குமப் பொட்டலம். மேசைமேல் ஒரு கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் ப்ளோயரை ஒரு அமுக்கு அமுக்கினார். துணியில் சிவப்பாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. அமுக்கி விட்டால் அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும் அண்ணா, வெளியே ரெண்டு தபா அமுக்கிவிட்டு அப்புறம் உள்ளே ஊதச் சொன்னேனே என்றார். சொல்லியிருந்தார். நான்தான் அப்போது ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானே வேல செய்ற நாள்ல குங்குமம் வக்கிறதில்ல, உதிரும். ஸ்டிக்கர்தான்," என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் வேலை. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துத் தன் ப்ளோயரால், மூக்கு உள்ளே போகாமல் ஊதினார். ஒட்டிக்கொண்டிருந்ததற்கு, பட்டையான பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு இழுப்பு, திருப்பி ஒரு இழுப்பு. குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டார். முகமூடிக்குள் நான் மூச்சே விடவில்லை. வெள்ளைச் சுவர் இப்போது வெறும் வெள்ளைச் சுவராக வந்தது.

என் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளை அவரே உருவிப் படித்தார். கோபிப்பார் என்று பார்த்தால், பேனாவை எடுத்தார். "கவனக்கொறவுன்னு எழுதிக்கிறிங்க. யார்துன்னு எழுதலியே அண்ணா, அத நான் எழுதிடறேன்," என்று 'கேமராக்காரரின்' என்று முன்னால் சேர்த்து, கோட்டின்மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். என்ன தூசி என்று எழுதவில்லை. சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் தூசி ஒன்றுதான் என்றார்.

மறுநாள் தாளோடு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என்ன தூசி என்று சரியாக அதையே கேட்டார். பொய் கைவசம் நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மேலே நின்று பொய் சொல்ல வரவில்லை. ஐயா, காணிப்பாக்கத்துக் குங்குமம் என்றேன்.

தாளை நாலாக மடித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சமையலறையிலிருந்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, மாட்டிக்கினு நிக்கும்போதும் வாயப் பாரு இவனுக்கு," என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆயுளில் நான் சொன்ன ஒரே உண்மை, நகைச்சுவையாகப் போய்ச் சேர்ந்தது.

மேடம் இப்போது கடையில் இல்லை. சத்தியவேடு பக்கம் போனுக்கு கேமரா செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, நாலு பக்கமும் காற்று அடித்துத்தான் கதவைத் திறப்பார்களாம். அவருக்கேற்ற இடம்தான். அவரைச் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தாளைப் படித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் ஹெட்மாஸ்டரின் பேரனுக்கு ஞானஸ்நானம். நான் கேமராவைத் தூக்கியதும், "கொழந்தைக்குப் பொட்டு வச்சிடாதப்பா," என்றார். சபையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கறுப்புத் துணியை விரித்து இந்தப் பழைய ப்ளோயரை ஒரு அமுக்கு அமுக்கினேன். எத்தனையோ தடவை கழுவியாகிவிட்டது. துணியின் நடுவில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது.