வார்னிஷ் பூசிய வாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைப் போட்டுக்கொடுத்துவிட்டேன். ஊரே பார்க்க. ஜெனரல் மேனேஜர் முன்வரிசையில்!

செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் ஃபாக்டரி ஆட்கள் சேர்ந்து, ஜப்பான் மரவாள் பயிற்சி கிளாஸ் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாகச் சேர்ந்தோம். எதற்கு? அவருக்குத் தொப்பை. எனக்கு, அவரைச் சட்டப்படி அடிக்க ஒரு வாய்ப்பு.

மாஸ்டர் சார்லஸ் செகந்திராபாத் தமிழர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். வாள் வீசுவதைவிட வாளைப் பராமரிப்பதுதான் அவருக்கு முக்கியம். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைக்கணும். உள்ளங்கையால் தடவி, சிராய் இருந்தால் உப்புத்தாள் போடணும். அப்புறம் கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிற லின்சீட் ஆயில், கொஞ்சமாக. வெயிலில் வைக்கக் கூடாது. சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும் — படுக்கப் போடணும்.

"வார்னிஷ் மட்டும் நக்கோ! விரிசலை மூடி மறைச்சிரும்" என்பார். நக்கோ என்றால் எங்கள் ஊர் பாஷையில் வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் க்வாலிட்டி கன்ட்ரோல் வேலை. அடுத்தவன் செய்த சாமானில் முடியளவு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புவார். சொந்த வாளோ... கோடை முழுக்க பால்கனி வெயிலில் சாய்ந்து நின்றது. போன ஞாயிறு கிளாஸ் ஆண்டு விழாவில் டெமோ என்றதும், முந்தின நாள் வார்னிஷ் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் அதை வாங்கித் தடவினேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால், வார்னிஷுக்கு அடியில் நீளமாக ஒரு கோடு.

"என்னங்க, இது விரிசல்."

"மரத்தோட ரேகைடி அது. ஜி.எம். வந்து உட்கார்ந்தாச்சு. பேசாம வா."

ரேகையோ விரிசலோ, அது இறங்கப்போவது என் தலைக்கு மேல்! மேடை ஏறி வணக்கம் சொன்ன கையோடு திரும்பினேன். "மாஸ்டர், இவர் வாள்ல விரிசல் இருக்கு." பக்கத்தில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மாஸ்டர் வந்து தடவிப் பார்த்தார். "வார்னிஷா சார்?"

"சும்மா... ஒரு கோட்."

மாஸ்டர் வாளை வாங்கினார். மேடைத் தூணில் ஓங்கி ஒரு தட்டு. வாள் இரண்டானது. முன்பாதி பின் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. நான் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜி.எம். எழுந்து நின்று கைதட்டினார். அதுதான் டெமோ என்று நினைத்துவிட்டார் போல!

வீட்டுக்காரர் மூன்று நாள் தானே தட்டுப் போட்டுச் சாப்பிட்டார். நாலாம் நாள், "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னேனே!"

நேற்று சாயங்காலம் ஒரு புது வாளோடு வந்து நின்றார். "நீ தடவிப் பார்த்துச் சொல்லு." பிடிக்குப் பக்கத்தில் ஒரு சிராய். சொன்னேன். மறுபேச்சில்லாமல் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

குறையைச் சொன்னால் ஏற்றுக்கொள்வது பெரிய குணம்தான். இனி என் சாம்பாரைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் நானும்... ஊஹூம், அது வேறு டிபார்ட்மென்ட்!