திறக்காமல் போன பதில் பக்கம்

1999-ஆம் ஆண்டு. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்துப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், ஸ்டோர் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வயது இருபத்து நான்கு. புக்கிட் காத்திலில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு. இணையப் பக்கம் செய்வது எப்படி என்று ஐந்து மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு நினைப்பு வந்துவிட்டது எனக்கு.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு அக்கா இருந்தார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெம்பானிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியது. அந்தக் குழறல் பேச்சில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மகன் எங்கே?

அக்காவின் தம்பி வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பரீட்சையில் தோற்றதற்காக அப்பா அவனைக் கடைத்தெருவில், நாலு பேர் முன்னால் கை நீட்டி அடித்துவிட்டார். மறுநாளே கோலாலம்பூருக்குப் பஸ் ஏறியவன் திரும்பவில்லை. அவன் இருக்கும் இடம் அவனுடைய கூட்டாளி ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அவர். அவர் மூலமாக அக்கா அனுப்பிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. கடைசியில் அந்தக் கூட்டாளியே ஒரு வழி சொன்னாராம்.

"அவன் பார்ட்ஸைப் பூட்டி கம்ப்யூட்டர் செய்யற கடையில வேலை செய்றான்க்கா. நேரம் கிடைச்சா இண்டர்நெட்தான். லெட்டரைப் பிரிக்க மாட்டான். இண்டர்நெட்ல உன்னைப் பத்தி ஒண்ணு இருக்குன்னு அவன்கிட்ட சொன்னா, பார்க்காம இருக்க மாட்டான்லா."

கேண்டீனில் அக்கா இதைச் சொன்னதும் நான் உடனே ஒத்துக்கொண்டேன். இரக்கம் பாதி, கற்றதைக் காட்டும் ஆசை பாதி. இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் அண்ணனின் கணினியில் உட்கார்ந்து செய்தேன். மேலே அப்பா நாற்காலியில் சாய்ந்திருக்கும் படம். அதன் கீழே அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வரிகள். அதற்கும் கீழே 'பதில் எழுது' என்று ஓர் இணைப்பு. அதை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறக்கும். அங்கே எழுதி அனுப்புவதை வெளிநாட்டில் இருக்கும் சர்வர் சேர்த்து வைக்கும், நான் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். வீட்டில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் அழகாக ஓடியது. சர்வரில் ஏற்றி, முதல் பக்கத்தைத் திறந்தேன். படம் மெதுவாக இறங்கி முடியும் நேரத்தில் அண்ணி போனை எடுக்க, அதே லைனில் ஓடிய இணைய இணைப்பு அறுந்தது. முதல் பக்கம் வந்துவிட்டதே, மீதியும் வரும் என்று எழுந்துவிட்டேன்.

அந்த முகவரி கூட்டாளி கைக்குப் போனது. அதிலிருந்து தேநீர் இடைவேளையில் தினமும் அக்கா ஸ்டோர் கவுண்டருக்கு வருவார். "ஏதாச்சும் வந்திருக்காம்மா?" என்பார். இல்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள், "அங்க எழுதறதுக்கு எடமே இல்லன்னு தம்பி சொன்னானாம். அந்தக் கூட்டாளி சொல்றாரு" என்றார்.

"எங்க வீட்டுல நல்லா வேலை செய்யுதுக்கா. உங்க தம்பிதான் எதையாச்சும் தப்பா அடிச்சிருப்பாரு" என்றேன்.

அக்கா நம்பினார். நான் படித்தவள் இல்லையா!

மூன்றாவது வாரம் அப்பாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. டவுன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது, பேச்சு முழுசாகப் போய்விட்டது. செய்தி கேட்ட அன்று மாலைதான், சர்வரில் இருந்த பக்கத்தை நிஜமாகவே திறந்து, 'பதில் எழுது' என்பதை நானே அழுத்திப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பாக வந்து நின்றது: 'பேஜ் நாட் ஃபவுண்ட்'. பக்கம் இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாலை. எட்டு மணி நேரம் சரக்குச் சீட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, குளிக்கக்கூட இல்லாமல் கணினி முன்னால் உட்கார்வேன். ஃபைல் சர்வரில் இருக்கிறதா? இருந்தது. சரியான இடத்தில் இருக்கிறதா? இருந்தது. மற்றவர் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறேனா? கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். அதே வெள்ளைத் திரை. வகுப்பு வாத்தியாருக்குப் போன் செய்தால், ஃபைல் இருக்கும் பாதையைச் சரி பார் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். பார்த்ததையே பார்த்து கண் எரிந்தது. சாப்பிடக் கூப்பிட்ட அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக் கணினியில் அந்தப் பாழாய்ப்போன பக்கம் ஒவ்வொரு தடவையும் கைகட்டி நிற்பது போல ஒழுங்காகத் திறந்தது. அதுதான் என்னை மிகவும் சோர்வடைய வைத்தது.

ஐந்தாம் நாள் அக்கா வேலைக்குத் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. முதல் பக்கத்துக்கு நான் எழுதிய வரிகளையும், சர்வரில் இருந்த ஃபைல்களின் பட்டியலையும் இரண்டு தாள்களில் அச்செடுத்து வந்து, கேண்டீனில் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா இது?"

"இந்தத் தாள்ல இருக்கற பேரும் அந்தத் தாள்ல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும்க்கா. இருந்தாதான் பதில் பக்கம் திறக்கும். ஒண்ணாதான் இருக்கு. ஆனா திறக்க மாட்டேங்குது."

அக்கா இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இங்க முதல் எழுத்து பெருசா இருக்கு. அங்க சின்னதா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?"

பதில் பக்கத்துக்கு வைத்த 'ரிப்ளை' என்ற பெயரில் முதல் எழுத்து 'ஆர்'. முதல் பக்கத்தில் பெரிய 'ஆர்' போட்டிருந்தேன். ஃபைலுக்குப் பெயர் வைத்தபோது சின்ன 'ஆர்'. வீட்டுக் கணினிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். அந்த சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அதை நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவையும் என் கண்ணில் படவில்லை.

அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. "முதல் நாள்லேர்ந்து தப்பு என் மேலதான்க்கா. உங்க தம்பி எதையும் தப்பா அடிக்கல" என்றேன். அவர் நான் ஒதுக்கி வைத்த தட்டை என் பக்கம் நகர்த்தினார். தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"சரிம்மா. இன்னிக்கே சரி பண்ணிடு."

அன்று மாலை ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். பக்கம் திறந்தது. சந்தோஷமாக இல்லை. காரணம் தேடி அலைந்த அந்த நாலு நாளில், திறக்க முடியாமல் போன ஒவ்வொரு முயற்சியையும் சர்வர் குறித்து வைக்கும் என்று தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் குறிப்பைத் திறந்தேன். என் முயற்சிகளைக் கழித்துவிட்டால், மீதி எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பதினான்கு தடவை, ஆறு வெவ்வேறு நாட்களில். ஒரே நாளில் நாலு தடவைகூட இருந்தது. அந்த நாட்களில்தான் கவுண்டரில் நின்று, "இல்லக்கா, யாரும் எழுதல" என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் பக்கத்தின் உச்சியிலேயே தம்பிக்கு எழுதினேன். பக்கம் செய்தவள் நான், பிழை என்னுடையது, உங்கள் அக்கா பதில் பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை, அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், தயவுசெய்து இன்னொரு தடவை எழுதுங்கள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. அதுவும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்தான். "அக்கா, நெறைய தடவை எழுதப் பார்த்தேன். பக்கம் இல்லன்னே வந்துச்சு. நான் பதில் எழுதக்கூடாதுன்னு அப்பா எடுக்கச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். சனிக்கிழம வரேன்."

தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனவர், மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலருகே ஒல்லியாக ஒரு பையன், அப்பாவின் நல்ல கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பா அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் குனிந்து காதை வாயருகே வைத்தான். பிறகு அக்காவைப் பார்த்து, புரியவில்லை என்று தலையாட்டினான். மறுபடியும் குனிந்தான்.

வெளியே நடைபாதையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ஒரு போன் போட்டிருக்கலாம்லா" என்றான். பிறகு மறுபடியும் வார்டுக்குள் போனான்.

அதன் பிறகு அவன் வார இறுதி தவறாமல் வந்தான். அப்பா ஏழு மாதம் இருந்தார். பேச்சு திரும்பவே இல்லை. அக்கா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. என் கல்யாணத்துக்குப் பெம்பானிலிருந்து குடும்பத்தோடு வந்து, காலையிலிருந்து கூடமாட வேலை செய்தார்.

இன்றைக்கும் கணினி வேலைதான் பார்க்கிறேன். யாராவது வந்து "வேலை செய்யவில்லை" என்றால், "என்னிடம் செய்கிறதே" என்று சொல்வதில்லை. எழுந்து போய் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து நானே அழுத்திப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில், குழறலாகவாவது பேச்சு இருந்தபோதே மகன் வந்திருந்தால் அவனிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை பதில் இல்லை, அதை மறக்கவும் நான் விரும்பவில்லை.