கப்பலேறாத பேல்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. சாலை மறியலாம்.

கூட்டத்தைக் கண்டால் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளாது. இறங்கி முன்னால் நடந்தேன். நடு ரோட்டில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர்... நம்ம காதர் பாய்! பக்கத்துத் தெருக்காரர். தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறவர். அதில் முக்கால்வாசி தூத்துக்குடியில் கப்பலேறி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

விஷயம் இதுதான். நூல் விலை ஏறிவிட்டது. மில்காரர்கள் நூலை ஏற்றுமதி செய்வதால்தான் என்று தறிக்காரர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை இரண்டு தரப்பும் சங்க ஹாலில் உட்காரும். காபி குடித்து, கத்தித் தீர்த்து, நூலில் ஊருக்கு இவ்வளவு, கப்பலுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது. ஆனால் தறி ஓடும்.

இந்தத் தடவை விலை ஏறியதும் வெளியூர்த் தலைவர் ஒருவர் வந்து மேடையேறினார். நம்ம ஊர்ச் சரக்கு ஒரு மூட்டைகூடக் கப்பலேறக் கூடாது என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. அதற்கப்புறம் 'பேசிப் பார்ப்போமே' என்றவர்களெல்லாம் துரோகிகள். சங்க ஹால் பூட்டியே கிடந்தது. பாயும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறியலில் நூல் லாரி ஒன்று மாட்டியது. ஒரே கோஷம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு டிரைவர் வேர்த்து விறுவிறுத்து வந்து பாயிடம் குனிந்தார்.

"மொதலாளி, பின்னாடி நம்ம லோடும் நிக்குது."

வெளுக்கப் போன துணி, பேல் பேலாக, பெரிய மூட்டைகளாக இறுக்கிக் கட்டி, தூத்துக்குடிக்குப் போகிறது. சாயங்காலத்துக்குள் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும். அந்த ஆர்டரை நம்பித்தான் தறி ஆட்களுக்கு போனஸ் சொல்லியிருந்தார் பாய். பதறி எழுந்தார். இந்த வண்டியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

இளவட்டங்கள் லாரியைச் சுற்றி வந்தார்கள். பேல் மேல் கறுப்பு மையில் வெளிநாட்டு விலாசம்!

"இதுவும் கப்பலுக்குத்தான போகுது பாய்?"

"ஏலே, இது நூல் இல்லலே. துணி."

"ஒரு மூட்டைகூட ஏறக் கூடாதுன்னு காலைலேருந்து நீங்கதான கத்துனிய?"

லாரியை விடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கப்பல் போய்விட்டது. ஆர்டர் வேறு நாட்டுக்குக் கைமாறியதாக ஃபேக்ஸ் வந்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் தடையில்லாமல் போன ஒரே வண்டி, தலைவரின் கார்தான் — அடுத்த ஊரில் கூட்டமாம்.

உலக நாடுகள் ஜெனீவாவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக வியாபாரம் பேசுவதைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்திருக்கிறேன். இப்போது வேறு ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த நாடுகளிலும் இப்படி மேடைகள் உண்டா? அங்கேயும் இதே கைதட்டல்தானா?

நேற்று பாய் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம மில்லுக்காரங்கன்னா நாளைக்கே போயிப் பேசிருவேன். துணி வாங்குற அந்த நாட்டுல ஒருத்தன், என் துணி உள்ள வரக் கூடாதுன்னு ரோட்டுல உக்காந்தாம்னா, நான் யாருகிட்ட போயிப் பேச?"

அதற்குத்தான் எல்லா நாட்டுக்கும் சேர்த்து, வியாபாரம் பேச, ஜெனீவாவில் இந்த 1995-ல் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றேன்.

பாய் கேட்டார்.

"அந்த ஹாலுக்காவது எல்லாரும் வாராவளா?"