மெயினை இறக்கும் பட்டறை

“அங்கன இருந்தே எல்லாத்தையும் பாத்துக்கிடலாம்னா, இனிமே நீ எதுக்கு இங்க வரணும்?”

சாயிரா இதைக் கேட்டபோது மாரீஸ்வரி அந்தத் தோல் பை பட்டறையின் இரும்பு ஏணியில், மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றாள். இந்தக் கதை என் காதில் விழுந்த அன்று நானும் அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். கேள்வி என்னவோ சுலபமானதுதான்.

மாரீஸ்வரி மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் இறந்துபோன பிறகு, ஒற்றை அறை வீட்டில் அண்ணன் வேல்ராஜின் குடும்பமும் அவளும் இருந்தார்கள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவள் பாய் விரிக்கும் இடத்துக்கு ஒரு தொட்டில் வந்தது, அவ்வளவுதான். வாடகை குறைவென்று, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் டோம்பிவிலியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலை, திலக் நகரில் ஷாகிர் நடத்திய சின்ன நிறுவனத்தில். பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்பு கொடுத்துப் பராமரிப்பது அவர்கள் தொழில். சந்துக்குச் சந்து அவர்களுடைய ஸ்விட்ச் ஒன்று இருக்கும். விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. அக்கம்பக்கத்துக் கணினிகளையும் கேமராக்களையும் ஒன்றாக இணைக்கிற தட்டையான இரும்புப் பெட்டி. அதில் எதை மாற்றவேண்டுமானாலும் மாரீஸ்வரி நேரில் போய், ஒரு நீலக் கம்பியால் பெட்டியையும் மடிக்கணினியையும் கோத்து உட்கார வேண்டும்.

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பைப் பட்டறையில் பெட்டி மேல்தளத்தில், தோல் சுருள்களுக்கு நடுவே இருந்தது. மாரீஸ்வரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பார்.

“கலெக்டரம்மா வந்தாச்சு. எல்லாரும் காலை மடக்குங்கப்பா.”

“கலெக்டருக்கு ஏணியில ஏறுற வேலையா பாய்?”

“ஏறு ஏறு. போன தடவ நீ ஏறினதுல ஒரு படி வளைஞ்சு கெடக்கு.”

அவர் மனைவி சாயிரா பைகளுக்கு உள்துணி வெட்டியபடியே சிரிப்பாள். “அவ எங்க வளைக்கப் போறா? காத்தடிச்சா பறந்துருவா. ஏட்டி மாரி, டோம்பிவிலில சோறு பொங்குறியா இல்ல நாளுக்கொரு வடாபாவா?”

இப்படி ஒவ்வொரு சந்திலும் யாராவது ஏதாவது சொல்வார்கள். அவளும் திருப்பிச் சொல்வாள். ஒரு நாளைக்கு அவளுக்கு வேண்டிய பேச்சு அதில் கிடைத்துவிடும். அது தனக்கு வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு ஷாகிர் ஒருநாள் கூப்பிட்டார். பெட்டிகளுக்குள் தூரத்திலிருந்தே நுழைய முன்பே ஒரு வழி இருந்தது. ஆனால் அதில் அடிக்கிற கடவுச்சொல் அப்படியே வெளிச்சமாகப் போகும், நடுவில் உட்கார்ந்திருக்கிற எவனும் படித்துவிடலாம். அதனால் மாரீஸ்வரி அதைத் தொடுவதில்லை. “அதை மூடிட்டு எஸ்எஸ்ஹெச் போட்டுரு. பூட்டுப் போட்ட வழி. அப்புறம் நீ வீட்டுலேருந்தே பாக்கலாம். லோக்கல் டிரெயின்ல நசுங்க வேணாம்,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவளும் சந்து சந்தாகப் போய் வேலையை முடித்தாள். பெட்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். நுழைகிறவருக்கு ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தர வேண்டும். பெட்டி தனக்கென ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பழைய வழியை அடைத்து, புதிய வழியை மட்டும் திறந்துவிட வேண்டும். கடைசியாக, செய்ததையெல்லாம் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டாலும் எல்லாம் ஓடும், மின்சாரம் இருக்கும்வரை. போனால் புதிதாகச் செய்தது அத்தனையும் பெட்டிக்கு மறந்துவிடும்.

கரீம் பாட்சாவின் பட்டறைதான் கடைசி. எல்லாம் முடிந்து, நீலக் கம்பி இல்லாமல் நுழைந்து பார்த்தாள், திறந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கீழே இருந்த சாயிராவிடம் இனி நேரில் வர வேண்டியிருக்காது என்று சொன்னாள். ஏணியில் இறங்கும்போது சாயிரா அந்தக் கேள்வியைக் கேட்டாள். மாரீஸ்வரி பதில் தேடிக்கொண்டே இறங்கி, டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினாள். பெட்டியில் சேமிக்கவில்லை.

வேறு எங்கேயாவது என்றால் இது மாதக்கணக்கில் வெளியே தெரியாது. ஆபீஸ் கட்டடங்களில் பெட்டி அணைவதே இல்லை. ஆனால் அந்தச் சந்தில், முன்பொரு முறை ஒரு பட்டறையில் ஒயர் பொறி விட்டு, பசை டப்பாக்கள் தீப்பிடித்து எரிந்திருந்தன. சாயிராவின் தம்பி பைசானுக்கு இரண்டு கையும் வெந்து போனது அதில்தான். அன்றிலிருந்து கடைசியாகப் பூட்டுகிறவர் மின்சார மெயினை இறக்காமல் போகக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. கரீம் பாட்சா மெயின் கைப்பிடியை இறக்கிவிட்டு, அது இறங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தியும் பார்ப்பார். அந்தச் சந்திலேயே வளர்ந்த மாரீஸ்வரிக்கு இது தெரியாமல் இல்லை.

மறுநாள் டோம்பிவிலி அறையிலிருந்து நுழைந்து பார்த்தாள். மற்ற பெட்டிகளெல்லாம் திறந்தன. அந்த ஒன்று மட்டும் திறக்கவில்லை. சந்தில் இணையம் வழக்கம்போல ஓடியதால் யாருக்கும் எதுவும் தெரியாது. தான் சேமிக்கவில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் தலை வாரி, நல்ல சுடிதார் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள்.

“என்ன கலெக்டரம்மா, நேத்துத்தான் பிரிவு உபசாரம் பண்ணோம்?” என்றார் கரீம் பாட்சா.

“மெயின இறக்குனீங்கல்ல பாய், செட்டிங் எல்லாம் போயிருச்சு.”

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மேலே போய் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். சேமிக்கிற கட்டளையை மட்டும் அடிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே சாயிரா யாரையோ திட்டிக்கொண்டே டீ ஊற்றும் சத்தம் கேட்டது. மாரீஸ்வரி மடிக்கணினியை மூடினாள்.

அதன் பிறகு சில நாட்கள் அப்படியே போயின. சாயங்காலம் அவர் மெயினை இறக்குவார், இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது காலையில் அவள் வருவாள். ஒவ்வொரு முறையும் பெட்டி புதுச் சாவி உண்டாக்கிக்கொள்வதால், அவளுடைய மடிக்கணினி ஒவ்வொரு முறையும் எச்சரித்தது: இதன் அடையாளம் மாறியிருக்கிறது, நீங்கள் அறிந்த இயந்திரம் இதுவாக இல்லாமல் இருக்கலாம். பழைய அடையாளத்தை அழித்துவிட்டு மேலே போவாள். வராத நாட்களில் அறையிலேயே இருப்பாள். ஒரு நாள் சாயங்காலம் கீழே காய் வாங்கப் போய், கால் கிலோ வெண்டைக்காய்க்கு “பாவ் கிலோ பிண்டி” என்று சொன்னபோது குரல் கட்டிப்போய் வந்தது. காலையிலிருந்து அதுதான் தான் பேசிய முதல் வார்த்தை என்று அப்புறம்தான் உறைத்தது.

வெறுமனே பார்க்கப் போகலாமே என்று நினைக்காமல் இல்லை. ஆனால் வேலை நடக்கிற இடத்தில், ஒரு காரணமும் இல்லாமல் போய் எப்படி நிற்பது? எதுக்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஒரு வியாழக்கிழமை, காலையில் அவள் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி செய்துவிட்டு வந்த பிறகு, ஷாகிர் போன் செய்தார். “அந்த ஒரு சந்து மட்டும் ஏன் இன்னும் முடியல?”

“டெய்லி மெயின இறக்கிடறாங்க சார். செட்டிங் நிக்க மாட்டேங்குது.”

ஷாகிர் கேபிள் டிவி காலத்து ஆள். கம்பி இழுப்பது தெரியும், பெட்டிக்குள் நடப்பது தெரியாது. “சரி, நான் பேசிக்கிறேன்,” என்று வைத்துவிட்டார். யாரிடம், என்ன பேசப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தாள். திறந்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை. எவ்வளவு நேரமாக ஓடுகிறாய் என்று பெட்டியைக் கேட்டால் அது சொல்லும். கேட்டாள். நேற்றுக் காலையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ராத்திரி மெயின் இறங்கவில்லை. கரீம் பாட்சா மெயினை இறக்காமல் பூட்டியிருக்கிறார். முதல் வேலையாகச் சேமிக்கிற கட்டளையை அடித்தாள். ஒரே வரி. பெட்டி சரி என்றது. உடனே அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாயிராவும் எடுக்கவில்லை.

இனி பெட்டிக்காகப் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் போனாள். ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை.

பட்டறைக்கு வந்தபோது சந்து ஓய்ந்திருந்தது. ஆட்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். கரீம் பாட்சா மட்டும் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி மணல்.

“பாய், ஜும்மாவுக்குப் போகலையா?”

“சாயிராவ உள்ள தனியா விட்டுட்டு எப்படிப் போவ? மெயினு போட்டுக் கெடக்குல்லா. இறக்குனா ஒன் வேலைக்கே வில்லங்கமாயிரும்னு ஷாகிர் தம்பி சொன்னாரு. சரி, நம்ம புள்ள பொழப்பாச்சேன்னு விட்டுட்டேன். விட்டுட்டு வீட்ல படுத்தா மனசு கேக்கல.”

உள்ளேயிருந்து சாயிரா சொன்னாள்: “ராத்திரி பூரா இந்த ஸ்டூலுலதான். போனெல்லாம் வீட்லயே கெடக்கு. கொசு தூக்கிட்டுப் போகாததுதான் பாக்கி.”

“இறக்குங்க பாய்,” என்றாள் மாரீஸ்வரி. “இறக்கிட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது.”

“செட்டிங் போயிருமே?”

“போகாது. சேவ் பண்ணிட்டேன். மொத நாளே பண்ணிருந்தா இதெல்லாம் இல்ல. நாந்தான் பண்ணல.”

“மறந்துட்டியா?”

“மொத நாளு மறந்தேன். அப்புறம் வேணும்னேதான் விட்டேன்.”

அவர் அவளைப் பார்த்தார். எழுந்து போய் மெயின் கைப்பிடியை இறக்கினார், உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் பள்ளிவாசல் பக்கம் நடந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மின்விசிறி நின்றுபோன பட்டறையில் சாயிராவும் அவளும் மட்டும் இருந்தார்கள். சாயிரா துணி வெட்டுவதை நிறுத்தவில்லை.

“ஏன்ட்டி அப்படிச் செஞ்ச?”

“வரணும்னு இருந்துச்சுக்கா. வர்றதுக்குக் காரணம் இல்ல.”

கத்தரிக்கோல் நின்றது. “அன்னைக்கு நான் கேட்டது, இனிமே வரமாட்டியோன்னுதான். வராதன்னா சொன்னேன்?”

மாரீஸ்வரி துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளிச்சம் குறைவாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

தொழுகை முடிந்து வந்த கரீம் பாட்சா மெயினை ஏற்றினார். மேலே பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. அவள் கீழேயே உட்கார்ந்து நுழைந்து பார்த்தாள். திறந்தது, எதுவும் மறந்திருக்கவில்லை.

“வேல செய்யுதா?”

“செய்யுது பாய்.”

“ஒனக்கு டீ வேணும்னா டீ வேணும்னு கேளு. என்னைய ராத்திரி வாட்ச்மேன் ஆக்காத.” அவர் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் சாயிராவிடம், “அவளுக்குச் சக்கரை கூடப் போடு,” என்றும் சொன்னார்.

அதற்காக மாரீஸ்வரியின் நாட்கள் மாறிவிடவில்லை. இப்போதும் டோம்பிவிலியில் அதே அறைதான். பெரும்பாலான நாட்கள் பேச்சே இல்லாமல் கழிகின்றன. எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கும் நேரத்துக்குப் பட்டறைக்குப் போகிறாள். நீலக் கம்பியை எடுத்துப் போவதில்லை. போகாத நாட்களில் காலையில் முதல் வேலையாக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, எவ்வளவு நேரமாக ஓடுகிறாய் என்று கேட்கிறாள். சற்று முன்னால்தான் என்று அது சொன்னால், கரீம் பாட்சா வந்துவிட்டார், மெயினை ஏற்றிவிட்டார், சாயிரா டீக்குத் தண்ணீர் வைத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு எழுந்து போய்த் தனக்கும் அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்து யாராவது ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள்.