படலையடியில நிண்ட ஸ்கூட்டி

மருத்துவமாது உத்தியோகத்தில பிள்ளை பிறந்தாப் பிறகு எங்களைத் தேடாத ஆளில்லை, வயித்தில தங்கினாப் பிறகு தேடாத ஆளுமில்லை, தங்க முதல் தேடி வாற ஆள் மட்டும் கள்ளன்மாதிரித்தான் வரவேணும். வேலணைப் பக்கம் இருபத்திமூண்டு வருசம் இந்த வேலை பாத்திட்டன். வெயிலுக்குள்ள ஸ்கூட்டி ஓடி, நாயிட்டைக் கடி வாங்கி, பேரப்பிள்ளையின்ர நிறை குறைஞ்சதுக்கு மாமிமாரிட்டைப் பேச்சு வாங்கி, என்னைப்போலக் கிடந்து மாயிற சகோதரிமாருக்கு இதொண்டும் புதுசில்லை. இளம் பிள்ளையளுக்கு 'அந்த விசயத்தை' ஆர் சொல்லிக் குடுக்கிறது எண்டு கேட்டு நீங்களும் வாங்கிக் கட்டியிருப்பியள். என்ர பங்குக்கு நடந்ததைச் சொல்லுறன். சிரிக்கிற இடத்தில சிரியுங்கோ, கனக்க இராது.

மண்டபம் நிறைஞ்ச சனம்

தர்சிகா பெரியபிள்ளையாகி, அவளின்ர சாமத்தியவீட்டுக்கு எனக்கும் கார்ட் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் கமலாக்கா வெங்காயத் தோட்டம் செய்து வளர்க்கிறா. சாமத்தியவீட்டுச் செலவு முழுக்கக் கனடாவில இருக்கிற தாய்மாமன். மண்டபம், மூண்டு தரம் உடுப்பு மாத்தல், மேல பறக்கிற கமரா, பண்ணைப் பாலத்து றோட்டில பிள்ளையின்ர படம் போட்ட பதாகை. யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில போன சனமெல்லாம் அந்தப் படத்தைப் பாத்துக்கொண்டுதான் போச்சுது. மேடையில அலங்காரக் கதிரையில இருந்த பிள்ளை, நான் திருநீறு பூசக் கிட்டப் போக, "எப்ப மிஸ் முடியும்?" எண்டு காதுக்குள்ள கேட்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில கமலாக்காவைப் பிடிச்சன். இது என்ன, ஏன் வருகுது, இனிக் கவனிக்க வேண்டியது என்ன எண்டு பிள்ளையோட ஆறுதலா இருந்து கதைச்சியளோ எண்டு கேட்டன். மனிசிக்கு ரெண்டு கையிலையும் பலகாரத் தட்டு. நிண்டு என்னை ஒரு பார்வை பாத்திட்டுச் சொன்னா: "ஊருக்கே சொல்லியாச்சு மிஸ், இனிப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது."

வீட்டை வாசிக்கிற பாடம்

அஞ்சு வருசம் கழிச்சு, உயர்தர வகுப்புப் பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலம் பேச வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில இருந்து கடிதம் வந்தது. கட்டிளம் பருவச் சுகாதாரம் எண்டு தலைப்பு. நானும் படங்கள் எல்லாம் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனனான். போய்ப் பாத்தால் பெடியளைப் புல்லுப் பிடுங்க மைதானத்துக்கு அனுப்பியாச்சு. உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர் வாசலடியில கதிரை போட்டு இருந்தா. நான் படத்தைத் தூக்க, "மிஸ், கீழ்ப்பாதியை மடிச்சுக் காட்டுங்கோவன்" எண்டா. மடிச்சன். மடிச்ச படத்தை வைச்சு இரும்புச்சத்தும் முருங்கையிலையும் தான் கதைக்கலாம். அதைத்தான் கதைச்சன்.

கடைசியில கேள்வி இருக்கோ எண்டு கேட்டன், ஒரு வழக்கத்துக்கு. தர்சிகா எழும்பினாள். பதினெட்டு வயசு, வகுப்பில முதலாம் பிள்ளை. தாதிக் கல்லூரிக்குப் போறதுதான் அவளின்ர எண்ணம், ஆவணியில சோதினை. "புத்தகத்தில கரு எப்பிடி உண்டாகுது எண்டு கிடக்கு. உண்டாகாமல் எப்பிடிப் பாத்துக்கொள்ளுறது எண்டு இல்லையே மிஸ்" எண்டாள். ஒருத்தியும் சிரிக்கேல்லை. எல்லாரும் என்னையே பாத்தினம், அத்தனை பேருக்கும் அது வேணும் எண்டு முகத்தில எழுதியிருந்தது. நான் வாசலைப் பாத்தன். ரீச்சர் நிலத்தைப் பாத்தா. இருபத்திமூண்டு வருசம் வீடு வீடாப் போய் வாய் கூசாமல் சொன்னதை அண்டைக்குச் சொல்ல எனக்கு நாக்கு வரேல்லை. "நல்ல கேள்வி" எண்டு போட்டு, பூச்சிக் குளிசையை ஆறு மாசத்துக்கு ஒருக்கா விழுங்கவேணும் எண்டு தொடங்கினன். வெக்கக்கேடு. வெளியில வந்தாப் பிறகு ரீச்சர் என்ர கையைப் பிடிச்சா: "நல்லாச் சமாளிச்சியள் மிஸ், நான் அந்தப் பாடத்தை எப்பவும் வீட்டை வாசிச்சுக்கொண்டு வரச் சொல்லுறனான்."

மூண்டு மாசம் பிந்தின வகுப்பு

அதே மாசம், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில கலியாணத்துக்கு ஆயத்தமாகிற சோடியளுக்கு வகுப்பு. சுவாமி நல்ல மனுசன், ஒவ்வொரு முறையும் எனக்கு அரை மணித்தியாலம் தருவார். இங்கை படம் மடிக்கத் தேவையில்லை, மோதிரம் மாத்தப் போற ஆக்கள்தானே. ரெண்டு பிள்ளையளுக்கு இடையில எவ்வளவு இடைவெளி, குளிசை, ஊசி எல்லாம் விலாவாரியாச் சொல்லி முடிச்சன். பின்வாங்கில ஒரு கடல்தொழில் பெடியன், பக்கத்தில கட்டப் போற பிள்ளை. அவள் சீலைத் தலைப்பை மடியில குவிச்சு வைச்சுக்கொண்டு இருந்த விதத்திலேயே எனக்கு விளங்கிப்போச்சுது, மூண்டு மாசம் தாண்டியிருக்கும். கலைஞ்சு போகேக்கை பெடியன் கிட்ட வந்து, ஒரு கோவமும் இல்லாமல் சொன்னான்: "வடிவாச் சொன்னியள் மிஸ், இதை முதலே ஆரும் சொல்லியிருக்கலாம்."

நாப்பது நிமிசம்

அந்தக் கதை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த கிழமை தர்சிகா பஸ் தரிப்பிடத்தில மறிச்சு, "வீட்டை ஒருக்கா வாங்கோ மிஸ், அம்மா தோட்டத்துக்குப் போற நேரம்" எண்டு கேட்க, யோசிக்காமல் போயிட்டன். குசினிக்குள்ள கதிரை போட்டு, தேத்தண்ணி தந்திட்டு, எதிரில இருந்தாள். "ஏன் பிள்ளை, நீர் ஆரையும் விரும்புறீரோ?" எண்டு கேட்டன். "ஒரு பெடியன் கேட்டவன் மிஸ். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. எல்லாம் தெரிஞ்சுகொண்டு மறுமொழி சொல்லுவம் எண்டு பாத்தனான். படிப்புக் குழம்பக் கூடாது" எண்டாள். இவ்வளவு புத்தியுள்ள ஒரு கதையை எத்தினையோ வருசமா நான் கேட்கேல்லை. நாப்பது நிமிசம் இருந்து எல்லாம் சொன்னன். எது நம்பலாம், எது நம்பேலாது, ஆரும் வற்புறுத்தினால் எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது. கொப்பியில குறிப்பெடுத்தாள்.

ஸ்கூட்டியைப் படலையடியில விட்டிட்டுப் போனதுதான் நான் விட்ட பிழை. எங்கட ஸ்கூட்டி ஒரு வீட்டு வாசல்ல நிண்டால் அந்த வீட்டில ஒண்டில் கைக்குழந்தை, இல்லாட்டி வயித்தில. வேறை அலுவலுக்கு நாங்கள் ஒரு வீட்டையும் நிக்கிறேல்லை எண்டு ஒழுங்கையில உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கமலாக்கா வீட்டில கைக்குழந்தை இல்லை. பின்னேரமே கதை கடையடிக்குப் போட்டுது, மூண்டாம் நாள் கனடாவுக்கும் போட்டுது. தாய்மாமன் போன் எடுத்து உறுமியிருக்கிறார்.

கமலாக்கா கிளினிக்குக்கு வந்தா, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. நான் சத்தியம் பண்ணினன், கேள்விதான் கேட்டவள் எண்டு. "ஒண்டும் இல்லாமல் கேள்வி வருமோ?" எண்டு கேட்டா. கடைசியில, பிள்ளையும் தலையாட்ட, வயித்தில தங்கியிருக்கோ எண்டு சலம் சோதிச்சுக் காட்டினன். ஒரு கோடுதான், ஒண்டும் இல்லை. அந்தப் பட்டியை வாங்கி வெளிச்சத்தில பிடிச்சு நெடுநேரம் பாத்தா. தன்ர பிள்ளையை அவ நம்பிட்டா, அது எனக்குத் தெரிஞ்சுது. நம்பியும் பிரயோசனமில்லை. தர்சிகா சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டாள், அழவுமில்லை. கமலாக்கா பட்டியை மேசையில வைச்சா: "எனக்குக் காட்டுறியள் மிஸ், ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டுவியளோ?"

நுளம்புக்கு இல்லாத வெக்கம்

எங்கட சுகாதார அலுவலக மாதக் கூட்டத்தில நான் எழும்பி இதைச் சொன்னன். இந்த விசயம் படிப்பிக்க வேண்டியது பள்ளிக்கூடம் எண்டு ஒராள், தாய்மார் எண்டு ஒராள், இப்ப எல்லாம் போனில கிடக்குத்தானே எண்டு இன்னொராள். போனில கிடக்கிறது என்ன எண்டு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தேத்தண்ணி வந்தோட கதை முடிஞ்சுது. பக்கத்துக் கதிரையில எங்கட பொதுச் சுகாதாரப் பரிசோதகர், டெங்குக் காலத்தில ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுத்துற மனுசன், வடையைக் கடிச்சுக்கொண்டு சொன்னார்: "நுளம்பு பெருகிறதை எப்பிடித் தடுக்கிறது எண்டு நான் கோயில் திருவிழாவிலையும் கத்தலாம் மிஸ், உங்களுக்குத்தான் ஏலாது."

சோதினைக்கு ரெண்டு மாசம் முந்தி

ஆடி மாசம் நாள் பாக்கிறேல்லை எண்டு சொல்லி, அதுக்கு முதலே ஆனியில தர்சிகாவின்ர கலியாணத்தை முடிச்சுப்போட்டினம். வாயை அடைக்க வேறை வழி தெரியேல்லை எண்டு கமலாக்கா சொன்னா. மாப்பிள்ளை அந்தக் கேட்ட பெடியனும் இல்லை. காரைநகர் ஆள், முப்பத்திரண்டு வயசு, குடி இல்லை, பழுதில்லாத மனுசன். சீதனவீடு எண்டபடியால் இங்கை வந்து இருக்கிறார். கலியாணம் கட்டின பிள்ளையை யூனிபோமோட வகுப்பில இருத்தேலாது எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிட்டினம். வகுப்புக்குப் போகாட்டியும் சோதினையாவது எழுதலாம், பேர் பதிஞ்சு கிடக்குத்தானே எண்டு நான் ரெண்டு தரம் போய்ச் சொன்னன். கூட்டிக்கொண்டு போக ஆருமில்லை எண்டினம். சோதினை மண்டபத்தில அவளின்ர மேசை நாளெல்லாம் சும்மா கிடந்ததாம். உயிரியல் ரீச்சர் என்னைச் சந்தையில கண்டு நிண்டா, கண் கலங்கித்தான் இருந்தது: "அந்தப் பாடத்தில கட்டாயம் ஏ எடுத்திருப்பாள் மிஸ்."

பதிவேட்டில ஒரு பேர்

கலியாணம் கட்டின சோடியளின்ர பேர் எங்கட பதிவேட்டில ஏறவேணும். அதுக்குப் பிறகு நான் அந்த வீட்டை போறது கடமை, படலையில மணிக்கணக்கா நிண்டாலும் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். தர்சிகாவின்ர பேரை நான்தான் எழுதினன்.

கமலாக்கா இப்ப என்னை வரவேற்பறையில இருத்தி, சோடா உடைச்சுத் தந்து, "இனி எல்லாம் விளங்கப்படுத்துங்கோ மிஸ்" எண்டு சொல்லிப்போட்டுத் தானே கதவைச் சாத்தினா. தர்சிகா எதிரில இருந்தாள், தாலிக்கொடியை விரலால உருட்டிக்கொண்டு. கொஞ்சக் காலம் பொறுத்துப் பிள்ளை பெறலாம், பத்தொன்பது வயசுதானே ஆகுது, வாற வருசம் சோதினையும் எழுதலாம் எண்டு சொன்னன். குளிசை அட்டையை எடுத்து மேசையில வைச்சன். எப்பிடி எடுக்கிறது எண்டு அவளுக்குத் தெரியும், நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அட்டையைத் தொடேல்லை. வகுப்பறையில தனிய எழும்பி நிண்ட பிள்ளை, சாத்தின கதவை ஒருக்காப் பாத்திட்டு, மெல்லமாச் சொன்னாள்: "அவரைக் கேட்டுத்தான் மிஸ்."

இந்தப் பாடத்தைப் படிப்பிக்க வேண்டிய ஆள் ஆர் எண்டு எங்கட ஊரில ஆரைக் கேட்டாலும் உடனே மறுமொழி வரும், தான் மட்டும் இல்லை எண்டு, அந்த வரிசையில முதலாவதா நிக்கிறது நான்.